தணிகைவேலின் ஏழும் இரண்டும்

தப்பு கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு வார்ப்புகளைச் சோதிக்கிற வேலை. மயிரிழை விரிசல் இருந்தாலும் சிவப்பு அட்டை கட்டி ஓரம் தள்ளிவிடுவேன். வீட்டிலும் நீ அப்படித்தான் பிரின்சி என்பார் என் கணவர் ஜோஷ்வா. அவர் போடுகிற டீ அப்படி இருந்தால் நான் என்ன செய்ய?

போன மாதம் இந்தத் திறமை வேறொரு இடத்தில் கைகொடுத்தது. டிசம்பர் இருபத்துநாலு, இரண்டாம் ஷிப்ட். சோதனை மேசையில் நானும் தணிகைவேலும் மட்டும்தான். ஒருவருக்குத்தான் லீவு, நீங்களே பேசி முடிவு பண்ணுங்கள் என்று சூப்பர்வைசர் கழன்றுகொண்டார். தணிகைக்கும் அவன் மனைவி அருணாவுக்கும் அன்று முதலாம் ஆண்டுக் கல்யாண நாள். எனக்கோ, என் மகள் ஹெலன் அன்று சாயங்காலம் ஆரம்பாக்கம் சர்ச்சில் முதல்முறையாகத் தனியாகப் பாடுகிறாள். போன வருடம் குழுவோடு பாடியபோது, அம்மா வருகிறாளா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். நான் வார்ப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாட்டு விஷயத்தை அவனிடம் சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் என்று மட்டும் சொன்னேன். பரிதாபப்பட்டு யாரும் தருகிற லீவு எனக்கு வேண்டாம்.

"போக்கர் ஆடி முடிவு பண்ணிக்கலாம்க்கா," என்றான். கம்பெனி பஸ்ஸில் நாங்கள் போனில் ஆடுகிற ஆட்டம்தான். பணம் கிடையாது, ஆப் தருகிற இலவச காயின். ஒரு வாரம் ஆடுவது, காயின் தீர்ந்தவர் வேலைக்குப் போவது என்று பேச்சு. பஸ்ஸில் நான் முன் இருக்கை, அவன் எனக்குப் பின் இருக்கை.

இரண்டே நாளில் அவன் விரிசலைக் கண்டுபிடித்துவிட்டேன். நல்ல சீட்டு இருந்தால் நிதானமாக 340, 615 என்று சில்லறைக் கணக்கில் பந்தயம் கட்டுவான். கையில் ஒன்றும் இல்லாமல் பீலா விட்டால், யோசிக்காமல் 500, 1000 என்று வந்து விழும். அதற்கப்புறம் அவன் பீலா எதுவும் என்னிடம் பலிக்கவில்லை.

சனிக்கிழமை, எளாவூர் தாண்டும்போது என் கையில் இரண்டு ராஜா. திரையில் இருவருக்கும் பொதுவான சீட்டுகளில், ராஜாவைவிடப் பெரிய ஏஸ் ஒன்று கிடந்தது. அவனிடம் இன்னொரு ஏஸ் இருந்தால் நான் காலி. சட்டென்று அவனுடைய மொத்தக் காயினும் வந்து விழுந்தது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நானும் துணிந்து கட்டினேன். அவன் சீட்டு திரும்பியது: ஏழும் இரண்டும். போக்கரில் அதைவிட மட்டமான சீட்டு கிடையாது. அவன் காயின் தீர்ந்தது, லீவு எனக்கு.

"எதிராளி தப்பு பண்ணா உடக் கூடாது தணிகை," என்று பெருமையடித்துக்கொண்டேன். "சரிக்கா," என்றான்.

ஹெலன் என்னைப் பார்த்துக்கொண்டே பாடினாள். எப்போதும் தடுமாறுகிற இரண்டாவது சரணத்தை அழகாகத் தாண்டினாள். நான் அழுதுவிட்டேன்.

இருபத்தாறாம் தேதி பஸ்ஸில் கேக் டப்பாவை நீட்டினேன். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு கேட்டான்: "ரெண்டாவது சரணம் தடுமாறாம பாடிச்சா பாப்பா?"

"பாட்டு விஷயம் உனக்கு எப்பிடித் தெரியும்?"

"இன்னாக்கா நீ. நல்ல சீட்டு வந்தா போதும், அந்தப் பாட்ட முணுமுணுக்க ஆரம்பிச்சுடுவ. ஒரு வாரமா கேட்டுக்கினு வரேன். போன்ல வேற பாப்பாவுக்கு அந்த எடத்தத் திருத்திக்கினு வந்த."

ஊரார் தப்பையெல்லாம் பிடிக்கிறவளுக்குத் தன் தப்பு தெரியவில்லை. சனிக்கிழமையை நினைத்துப் பார்த்தேன். இரண்டு ராஜா வந்ததும் முணுமுணுத்தேனா? முணுமுணுத்தேன். எளாவூர் முழுக்க.

"என் கையில நல்ல சீட்டு இருக்குன்னு தெரிஞ்சேதான் எல்லாத்தியும் போட்டியா?"

அவன் கேக்கை மென்றுகொண்டிருந்தான்.

"ஊட்டுல அருணாகிட்ட இன்னா சொன்ன?"

"தோத்துட்டேன்னு சொன்னேன்."

பரிதாபம் வேண்டாம் என்று வீறாப்பாக இருந்தவள் நான். அந்த வீறாப்புக்கும் ஒரு கீறல் விழாமல் கொடுத்திருக்கிறான் பாருங்கள். ரொம்ப நன்றிப்பா என்று சொன்னேன். டப்பாவை அப்படியே அவன் மடியில் வைத்தேன்.

"இது அருணாவுக்கு. அடுத்த லீவு உனக்குத்தான். ஆட்டமெல்லாம் வேணாம்."

"சும்மா வாணாம்க்கா," என்றான். "ஆடியே குடு."