முளைக்குச்சியில் கட்டிய விமானம்

...மறுபடியும் இருமிவிட்டு நின்றுபோனது, இடது பக்கத்து எந்திரம்தான், காலையிலிருந்து இதே கூத்து, வலது பக்கத்தது ஒழுங்காகத்தான் சுற்றுகிறது, ஒன்று சுற்றினால் போதாதா, போதாதுதான், ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு ஏர் ஓட்ட முடியுமா... சின்னத்தாயி மடையோரம் மண்வெட்டியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உடம்பெல்லாம் வலித்தது. சாயங்காலம் அவளுடைய முறைத் தண்ணீர் வாய்க்காலில் வந்துவிடும், இந்த முறையை விட்டால் அடுத்தது எப்போதோ, நாற்று இப்போதே முற்றிப் பழுத்துக் கிடக்கிறது, ஆனால் வயல் நடுவே விமானம் நிற்கும்போது மடையை எப்படித் திறப்பது, சக்கரம் சேற்றில் புதைந்தால் அப்புறம் யார் இழுப்பது? போய்த் தொலையட்டும் இது. போய்விட்டால்... போய்விட்டால் காளிச்சாமி வந்துவிடுவானே.

புருஷனுடைய தம்பி. அவர் கண்ணை மூடினதிலிருந்து இந்த வயலை உழுவதும் அறுப்பதும் அவன்தான், பாகம் பிரித்தபோது அவருக்கென்று விழுந்த வயல், ஊருக்கே தெரியும், ஆனாலும் அவள் வீட்டுக்கு வரும் நெல் வருஷத்துக்கு வருஷம் குறைந்தது, போகிற இடமெல்லாம் என் வயல் என் வயல் என்றான், கேட்க ஆளில்லை, அவளும் கேட்கவில்லை, எதற்கு வம்பு... அந்த நேரத்தில்தான் இது வந்து இறங்கிற்று. கேரளம் என்று புதிதாகப் பேர் வைத்த மறுவருஷம், மழை ஏமாற்றிய புரட்டாசி, அறுத்த தாள் காய்ந்து கிடந்தது, கொல்லங்கோட்டு மலைப்பக்கமிருந்து ஒருக்களித்துக்கொண்டே வந்து, வரப்பை இடித்துக்கொண்டு ஓடி, பனைமரத்துக்கு முன்னால் நின்றது. ஓட்டி வந்த சிலுவைராஜ் இறங்கியதும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான், அவள் கொடுத்த மோரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். "ஒரு இஞ்சின் நின்னுபோச்சும்மா, இன்னொண்ண வச்சு கோயமுத்தூர் வரைக்கும் இழுத்துட்டுப் போயிரலாம்னு பார்த்தேன், முடியல." ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டின் பாரத்தை இழுப்பது அவளுக்குத் தெரியாதா, பாவம், அந்த முகத்தைப் பார்க்க அழுகை வந்தது. காளிச்சாமிக்கு அதெல்லாம் எங்கே? வெள்ளாமையில் அடுத்தவன் மாடு புகுந்தால் பிடித்துக் கட்டிப்போடுவதில்லையா, உடையவன் வந்து பதில் சொல்லட்டும் என்று, அதே மாதிரி மாட்டுக் கயிற்றைக் கொண்டுவந்து சக்கரத்தில் சுற்றி, முளைக்குச்சி அடித்துக் கட்டினான். "என்ற வயல்ல எறங்கி வரப்ப இடிச்சுப்போட்டு... சும்மா அவுத்து உட்ருவனா?" ஊரே நின்று பார்த்தது, யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை, அவளுக்கும்தான்.

சித்தூரிலிருந்து போலீஸ் வந்ததும் எல்லாம் மாறிவிட்டது. "ஆருடெ கண்டமா இது? ஆரா கெட்டியது?" என்று, யார் வயல், யார் கட்டினது என்று, ஏட்டு மலையாளத்தில் அதட்டினார், விமானத்தைக் கட்டினவனுக்கு ஜெயில்தான் என்றார். காளிச்சாமி தோள் துண்டை இடுப்பில் கட்டினான். "எங்க நங்கை வயலுங்க. எனக்கொண்ணுந் தெரியாதுங்க." அண்ணன் பெண்டாட்டி ஒருத்தி இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்ததாக்கும்! சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. "இருக்கட்டும் சார், காத்துல நகராம இருக்கக் கட்டத்தான் வேணும்" என்று சிலுவைராஜ்தான் சமாதானம் செய்தான். கயிறு அப்படியே இருந்தது. அதற்கப்புறம் காளிச்சாமி இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை, கோயமுத்தூரிலிருந்து ரிப்பேர்காரர்கள் வந்தார்கள், இடிந்த வரப்புகளை நிரவினார்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாம் சின்னத்தாயி வயல் எது என்று விசாரித்துக்கொண்டு வந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இடது எந்திரம் இருமியது, பிடித்துக்கொண்டது, நிற்கவில்லை. இரண்டும் சேர்ந்து உறுமின. "கயித்த அவுத்துருங்கம்மா" என்று சிலுவைராஜ் கத்தினான். அவள்தான் போனாள், முடிச்சு இறுகிக் கிடந்தது, நகம் பிய்ந்தது, அவிழாமலே போனால் என்ன... அவிழ்த்துவிட்டாள். தாளும் தூசியும் பறக்க ஓடி, பனைமரத்துக்கு மேலே ஏறி, கிழக்கே போனது, நல்லபடியாகப் போகட்டும்.

சத்தம் அடங்குவதற்குள் காளிச்சாமி வரப்பில் வந்துகொண்டிருந்தான், தோளில் மண்வெட்டி. "நீங்க ஊட்டுக்குப் போங்க நங்கை. என்ற வயலுக்குத் தண்ணி நாங் கட்டிக்கறேன்." அன்றைக்கு அவன் சொன்னதை ஊரே கேட்டதே, கேட்டவர்கள் இப்போது சொல்வார்களா, ஏட்டு வந்து சொல்வாரா, பறந்துபோனவன் திரும்பி வந்து சொல்வானா... அப்போதுதான் உறைத்தது, ஏட்டு கேட்டபோது அவள் வாயே திறக்கவில்லை, அது அவள் வயல் என்பதையும் அவன்தான் சொன்னான், சொன்னவனே இப்போது மாற்றிச் சொல்கிறான். இத்தனை வருஷத்தில் என் வயல் என்று ஒரு தடவையாவது அவள் சொன்னதுண்டா? வாய்க்காலில் தண்ணீர் வந்து மடைப் பலகையை முட்டியது. கையில் இன்னும் அந்தக் கயிறு இருந்தது.

"காளிச்சாமி" என்றாள். அவன் நின்றுவிட்டான். கொழுந்தனைப் பேர் சொல்லி அவள் கூப்பிட்டதே இல்லை. இனி என் வயல் என்கிற அந்த இன்னொரு வார்த்தைதான், இருமல் வருகிறது, வரட்டும், அதற்குப் பின்னால் அதுவும்...