மாமா படுத்திருக்கும் கட்டில்

வெள்ளிக்கிழமை அம்மாவை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று டாக்டர் சொன்னதும் லிப்ட் மெக்கானிக்குக்கு சந்தோஷம் வரவில்லை. கட்டில் ஞாபகம்தான் வந்தது.

"சாதாரணக் கட்டில் கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இடுப்பு எலும்பில் ஆபரேஷன். தலைப்பக்கம் உயர்த்தவும் இறக்கவும் வசதி வேண்டும், இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள கம்பி வேண்டும், உயரமும் சரியாக இருக்க வேண்டும். தாழ்வான கட்டிலில் உட்கார்ந்து எழுந்தால் போட்ட எலும்பு பிசகிவிடும்.

அப்படி ஒரு கட்டில் அவர்களிடம் இருந்தது. அப்பா கடைசிக் காலத்தில் படுத்திருந்த கட்டில். கால்மாட்டில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் மெல்ல எழும்பும். அப்பா போன கொஞ்ச நாளில் அத்தையின் வீட்டுக்காரர், அதாவது மாமா, குளியலறையில் வழுக்கி விழுந்து முதுகெலும்பை உடைத்துக்கொண்டார். அம்மாதான் கூப்பிட்டுச் சொன்னாள்: "கட்டில் சும்மாதானே கிடக்கு, எடுத்துட்டுப் போங்க." மெக்கானிக்கே வேன் வைத்துக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தான். மாமா அன்றைக்குப் படுத்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

மருத்துவமனையில் அம்மா படுத்தபடியே மகனுக்குப் பாடம் எடுத்தாள்.

"திருப்பிக் குடுன்னு கேட்டுடாதே. கொடுத்ததைத் திருப்பிக் கேக்கறது அசிங்கம். கொஞ்ச நாளைக்கு இரவலா குடுங்கன்னு கேளு."

"நம்ம கட்டிலை நாமளே இரவல் வாங்கணுமா?"

"கொடுத்த அன்னிக்கே அது அவங்க கட்டில்டா. அதுவும் முதல்ல மாமா எப்படி இருக்கார்னு விசாரி. எடுத்த எடுப்புல கட்டில்ல போய் நிக்காதே."

போன் போட்டு விசாரித்தான். அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

"மாமா எப்படி இருக்கார் அத்தே?"

"அப்படியேதான் இருக்கார்டா கண்ணு. எழுந்திருக்க முடியல."

எழுந்திருக்க முடியாதவரிடம் கட்டிலைக் கொடு என்று எப்படிக் கேட்பது? "சரி, பாத்துக்கோங்க" என்று வைத்துவிட்டான். மறுநாளும் கூப்பிட்டான். அதே கேள்வி, அதே பதில். அதற்கு மறுநாள் "மாமா எப்படி..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினான். தான் என்ன பதிலை எதிர்பார்க்கிறோம் என்று நினைத்ததும் உடம்பு கூசியது.

அத்தைக்கும் கூசியிருக்க வேண்டும்.

"என்னடா, தினமும் கேக்கறே? வருஷக்கணக்கா இல்லாத அக்கறை. உங்கப்பா அதே கட்டில்ல போனது போதாதா, இவரும் எப்ப போவார்னு பாக்கறியா?"

"ஐயோ அத்தே, அம்மாவுக்கு..."

லைன் கட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு அத்தை போனையே எடுக்கவில்லை.

வாடகைக்குக் கட்டில் விடும் கடையில் எல்லாமே வெளியே போயிருந்தன. "யாராவது எழுந்தாலோ, போனாலோதான் சார் நமக்குத் திரும்பி வரும்" என்றார் கடைக்காரர், பஸ் வரும் நேரம் சொல்பவர் மாதிரி. புதிதாக வாங்குவது அவன் கைக்கு எட்டாத காரியம். மருத்துவமனையிலோ அம்மாவின் படுக்கைக்கு அடுத்த ஆள் தயாராக இருந்தார்.

"நேர்ல போங்க" என்றாள் மனைவி. "போன்ல பேசற விஷயமா இது? முகத்தைப் பாத்தா அத்தைக்கும் மனசு இளகும். நானும் எனக்குத் தெரிஞ்ச வழியில முயற்சி பண்றேன்."

என்ன வழி என்று அவன் கேட்கவில்லை. வியாழக்கிழமை மதியம் லீவு போட்டுவிட்டு, சரக்கு வேன் ஒன்றைப் பேசி, கருவிப் பையோடு கிளம்பினான்.

அத்தை வீடு மூன்றாவது மாடியில். கட்டடத்தில் லிப்ட் கிடையாது. அவனைப் பார்க்கும்போதெல்லாம் மாமா இதைச் சொல்லித்தான் சிரிப்பார்: "ஊருக்கே லிப்ட் ஓட்டறே, உன் அத்தை மட்டும் மூச்சு வாங்கி ஏறணும்!" படி ஏறும்போது அது ஞாபகம் வந்து அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கீழே வேன் டிரைவர் கதவைத் திறந்துவிட்டு சாய்ந்து நின்றுகொண்டார். "வண்டியில ஏத்தறதுதான் சார் என் வேலை. மாடியிலிருந்து இறக்கறது இல்ல. இடுப்பு போயிடும்."

வீட்டுக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. "அத்தே" என்று கூப்பிட்டபடி உள்ளே நுழைந்தான்.

கூடத்து நடுவில் ஒரு ஸ்டூல். ஸ்டூலின் மேல் மாமா. ஒரு கையால் மின்விசிறியின் இறக்கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஈரத்துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு வாரத்துத் தாடி. காலில் செருப்பு.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

பிறகு மாமா செய்ததை மெக்கானிக் ஆயுசுக்கும் மறக்கமாட்டான். ஸ்டூலிலிருந்து இறங்கினார். அவசரமே இல்லாமல் அறைக்குள் நடந்தார். கட்டிலில் காய்ந்த துணிகள் மடிக்காமல் குவிந்து கிடந்தன. அந்தக் குவியலின் மேலேயே ஏறிப் படுத்து, கையில் அகப்பட்ட ஒரு புடவையை இழுத்துக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு, "யாரு, மாப்ளேயா?" என்று ஈனக் குரலில் கேட்டார்.

"மாமா, நான் பாத்துட்டேன்."

"எதை?"

"ஃபேன் துடைச்சதை."

மாமா புடவையைக் கொஞ்சம் இறக்கினார். "முழுசா பாத்தியா?"

"முழுசா."

"சரி" என்று எழுந்து உட்கார்ந்தார். "உங்க அத்தை ஞாயித்துக்கிழமை மட்டும்தான் ஆளுங்க வருவாங்கன்னு சொன்னா. வியாழக்கிழமை வந்தா நான் என்ன பண்றது?"

சத்தம் கேட்டு சமையலறையிலிருந்து வந்த அத்தை, கரண்டியும் கையுமாக நின்றாள். அழுவதா, அதட்டுவதா என்று தெரியாமல் கடைசியில் அதட்டினாள்.

"போன் பண்ணிட்டு வரமாட்டியாடா?"

"நீங்க போனை எடுத்தாத்தானே அத்தே?"

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. மாமாவின் முதுகு எப்போதோ தேறிவிட்டது. ஆனால் அதற்குள் வேறொன்று நடந்திருந்தது. அவர்கள் மகன் பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர். ஊரின் இன்னொரு கோடியில் குடியிருந்தான். அப்பா நன்றாக நடமாடிய காலத்தில் வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து, நின்றபடியே தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவன். அப்பா படுத்ததும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வர ஆரம்பித்தான். பகல் முழுக்க இருந்தான். அப்பாவுக்கு முகச்சவரம் செய்துவிட்டான்.

"ஸ்கூலுக்குப் போக ஆரம்பிச்சதுக்கு அப்புறம் அவன் என்னைத் தொட்டதே இல்ல மாப்ளே" என்றார் மாமா. "தாடையைப் பிடிச்சு இப்படித் திருப்புவான், அப்படித் திருப்புவான். 'அசையாதீங்கப்பா, வெட்டிடும்'னு அதட்டுவான். அதுக்காகவே வாரம் பூரா தாடியை விட்டு வெச்சிருக்கேன். நடக்க ஆரம்பிச்ச அன்னிக்கே சொல்லியிருக்கணும். இந்த வாரம் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம்னு..."

"சொன்னா வருவானா?" என்றாள் அத்தை. "நீங்க எழுந்தா அவன் வர்றது நின்னுடும். எனக்குத் தெரியாதா என் பிள்ளையை?"

மெக்கானிக் உட்காரவில்லை. உட்கார்ந்தால் கேட்க முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது.

"அத்தே, அம்மா நாளைக்கு வீட்டுக்கு வராங்க. கட்டிலைக் கொஞ்ச நாளைக்கு இரவலா குடுங்க."

அத்தையின் முகம் மாறியது. "உன் வீட்டுப் பொருளையே எங்கிட்ட இரவல் கேக்கறியே, குத்திக் காட்டறியா?"

"இல்ல அத்தே. அம்மாதான் அப்படிக் கேக்கச் சொன்னாங்க."

"அண்ணி மனசாரக் கொடுத்தது. கொடுத்தது கொடுத்ததுதான். நாளை மறுநாளும் கழிஞ்சா ஞாயித்துக்கிழமை. அவன் வந்து, கட்டில் எங்கேன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? அப்பா தரையில படுத்திருக்கார்னு சொல்லவா? உள்ள ஒரு மரக்கட்டில் இருக்கு, அதைக் கொண்டு போ. அண்ணிக்கு அது போதும்."

"தாழ்வா இருந்தா எலும்பு பிசகிடும் அத்தே. மறுபடி ஆபரேஷன்."

"உனக்கு உங்கம்மா. எனக்கு என் பிள்ளை."

அவள் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் அவன் கால் வாசல்பக்கம் திரும்பவும் இல்லை. துணிக்குவியலையும் கைப்பிடியையும் பார்த்தபடி நின்றான்.

"எடுத்துட்டுப் போடா" என்றார் மாமா.

"நீங்க சும்மா இருங்க!"

"எலும்பு உடைஞ்சவங்களுக்குத்தான் கட்டில். எனக்கு என்ன உடைஞ்சிருக்கு?" என்று அவர் துணிகளை வாரி நாற்காலியில் போட்டார். "இன்னிக்கு வியாழன். அவன் வர்றதுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா தேறிடறேன். வெள்ளிக்கிழமை உக்காந்தேன், சனிக்கிழமை சுவரைப் பிடிச்சு நடந்தேன்னு சொல்லிக்கலாம். நிதானமா குணமானா யாருக்கும் சந்தேகம் வராது."

அத்தை கரண்டியோடு உள்ளே போய்விட்டாள். பாத்திரங்கள் உருளும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

மெக்கானிக் திருகுகளைக் கழற்றினான். தலைப்பலகை தனியாக, பக்கக் கம்பிகள் தனியாக வந்தன. அவற்றைச் சுவரில் சாய்த்தான். இரும்புச் சட்டம் மட்டும் பிரியாது. அதை ஒருவராகத் தூக்கவும் முடியாது.

"நான் பிடிக்கறேன்" என்றார் மாமா.

"வேணாம் மாமா, டிரைவர்கிட்ட கெஞ்சிப் பாக்கறேன்."

"அட, எத்தனை நாளைக்குத்தான் நோயாளியா இருக்கறது? பிடிடா!"

மெக்கானிக் மேல்பக்கம், மாமா கீழ்ப்பக்கம். வெளியே வந்ததும் கிழவருக்குக் குஷி பிறந்துவிட்டது. சட்டத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "வலது, வலது... சுவத்துல இடிக்காதே" என்று உத்தரவு போட்டபடி இறங்கினார். முதல் மாடித் திருப்பத்தில் திடீரென்று நின்றார். சட்டம் மெக்கானிக்கின் வயிற்றில் இடித்தது.

"என்ன மாமா?"

மெக்கானிக் சட்டத்துக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

கீழே, நான்கு படி தள்ளி, காக்கிச் சீருடையில் மாமாவின் மகன், டிக்கெட் பரிசோதகன், நின்றிருந்தான். கழுத்தில் அடையாள அட்டை. அவன் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன் பொண்டாட்டி போன் பண்ணாங்க மச்சான்" என்றான், மெக்கானிக்கிடம். "கட்டில் விஷயமா உங்க அம்மா போனையே எடுக்கமாட்டேங்கறாங்க, நீங்க வந்து பேசுங்கன்னு. அதான் டூட்டியிலிருந்து பெர்மிஷன் போட்டுட்டு வந்தேன். அப்பாவை எப்படி மாத்திப் படுக்க வெக்கறதுன்னு வழியெல்லாம் யோசிச்சுட்டே வந்தேன்."

பிறகு அப்பாவிடம் திரும்பினான். "எத்தனை நாளா?"

"பாரமா இருக்குடா" என்றார் மாமா. "முதல்ல இறக்கிடறேன். அப்புறம் திட்டு."

பரிசோதகன் படி ஏறி வந்து அவர் தோளிலிருந்து சட்டத்தை வாங்கிக்கொண்டான். "தள்ளுங்க." அவ்வளவுதான். மாமா சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார். இரண்டு மச்சான்களும் பேசாமல் இறக்கினார்கள். பலகையையும் கம்பிகளையும் மறுபடி ஏறிப்போய் எடுத்து வந்ததும் அவன்தான். தன் அம்மாவைத் தாண்டி உள்ளே போய், அவளைத் தாண்டியே வெளியே வந்தான்.

வேன் டிரைவர் மாமாவைப் பார்த்து, "பெரியவருக்கு நல்ல தெம்பு சார். இந்த வயசுல கட்டில் தூக்கறாரே!" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

கயிறு கட்டி முடித்ததும் பரிசோதகன் கையைத் தட்டிக்கொண்டான்.

"போன வருஷம் பெரிய டிப்போவுக்கு மேல் பதவியில கூப்பிட்டாங்க. வெளியூர். அப்பா படுக்கையில இருக்கார், ஞாயித்துக்கிழமை நான் போகலேன்னா அவருக்கு யார் செய்வாங்கன்னு வேணாம்னுட்டேன். என் வீட்டுல அதுக்கு நடந்த சண்டை எனக்குத்தான் தெரியும்." குரல் உயரவில்லை. "டிக்கெட் இல்லாம ஏறினவனை முகத்தைப் பாத்தே பிடிச்சுடுவேன் மச்சான். இவர் முகத்தை வாராவாரம் கையிலேயே பிடிச்சிருந்தேன்."

"நீ வரணும்னுதான்டா..." என்றார் மாமா.

"வாடான்னு ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே."

"கூப்பிட்டா வந்திருப்பியா?"

பரிசோதகன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, பெர்மிஷன் நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

மெக்கானிக் வேனில் ஏறும்போது மாமா கயிற்று முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "கெட்டியாத்தான் இருக்கு. நீ கிளம்பு மாப்ளே. உங்கம்மா காத்திட்டிருப்பாங்க." மேலே பால்கனியில் அத்தை நின்றிருந்தாள். அவள் வேனைப் பார்க்கவில்லை. பஸ் நிறுத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரவு மனைவி நடந்ததைக் கேட்டு விரல் நுனியைக் கடித்துக்கொண்டாள். "நல்லது பண்றதா நெனச்சேங்க" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை அம்மா வந்தாள். இரண்டு பேர் தாங்கிப் பிடித்து மெல்லப் படுக்க வைத்தார்கள். கைப்பிடியைச் சுற்றியதும் தலைப்பக்கம் முனகியபடி எழும்பியது. அம்மா பக்கக் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். வலி கொஞ்சம் இறங்கியதுபோல முகம் தெளிந்தது.

"அவளுக்கு ஒரு போன் போட்டுக் குடுடா."

"எதுக்கும்மா? அப்புறம் பேசலாம், நீங்க தூங்குங்க."

"நல்லா இருக்கே! கேட்டதும் கொடுத்திருக்கா, கட்டில் வந்து சேர்ந்துதுன்னு ஒரு வார்த்தை சொல்ல வேணாமா? வாங்கிட்டு வாயை மூடிக்கிட்டா என்ன மரியாதை? போடு."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டாள் என்று அவன் நம்பிய நேரத்தில் எடுத்துவிட்டாள். அம்மா போனைக் காதில் அழுத்திக்கொண்டாள்.

"நான்தான்டி பேசறேன்... வந்துட்டேன், வந்துட்டேன். கட்டில் பெரிய உபகாரம். அவர் எதுல படுத்திருக்கார்? அதை நெனச்சாத்தான் எனக்கு மனசே ஆறல... என்னது?... நடக்கறாரா?" அம்மாவின் முகம் மலர்ந்தது. "எப்ப இருந்து?... அட, இவ்வளவு நல்ல சேதியை இப்பவா சொல்றே? பிள்ளைக்குச் சொன்னியா? அவன் சந்தோஷப்பட்டிருப்பானே..."

பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். மலர்ச்சி போய்விட்டது. போனின் வாயைப் பொத்திக்கொண்டு மகனைப் பார்த்தாள்.

"ஏண்டா, புருஷன் எழுந்து நடக்கறார்ங்கறா. அதுக்கு எதுக்கு இவ இப்படி அழறா?"

மெக்கானிக் கால்மாட்டில் குனிந்து கைப்பிடியைப் பிடித்தான்.

"தலைப்பக்கம் இன்னும் கொஞ்சம் ஏத்தட்டுமாம்மா?"