கை மாறிய சுக்கான்

என் தங்கை நஃபீசாவின் கையிலிருந்து ஒரு வேலையைப் பிடுங்குவது லேசான காரியமில்லை. அவள் புருஷன் ஹமீது சுல்தான், எனக்கு மச்சான், இதைக் கல்யாணமான மறுநாளே கண்டுபிடித்துவிட்டார். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போன தொண்டித் தோணிக்கு அவர்தான் தண்டல், அதாவது தலைவர். நான் அவருக்குக் கீழே சுக்கான் பிடித்தவன். பாஸ்போர்ட், விசா என்று கெடுபிடி வந்ததும் ஓட்டம் நின்று தோணி கரையேறியது. அடுத்த வருஷமே மச்சானைப் பாரிசவாயு தள்ளிவிட்டது. வலக்கையும் வலக்காலும் விழுந்தன, பேச்சும் போயிற்று.

அன்றிலிருந்து நஃபீசா அவர் கட்டிலை விட்டு அசையவில்லை. குளிப்பாட்டுவது, கஞ்சி ஊட்டுவது, ராத்திரியில் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாமே அவள்தான். யாராவது ஒத்தாசைக்கு வந்தால், "ஒங்களுக்குப் பக்குவம் தெரியாது" என்று அனுப்பிவிடுவாள். கெட்டிக்காரி என்று நானும் மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு நாள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். முந்தானையில் தீப்பிடித்தது. பக்கத்து வீட்டு சாலிஹா ஓடிவந்து அணைத்ததால் கையில் கொப்புளத்தோடு போயிற்று. நஃபீசா அலறியது கேட்டும் எழ முடியாமல் கிடந்த மச்சான் அன்று முழுக்க அழுதார். இவள் இப்படியே போனால் இரண்டு பேரையும் இழந்துவிடுவோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் மூத்தவள் சுலைகா தேவிபட்டினத்திலிருந்து வந்து இறங்கினாள்.

"ஒரு வாரம் என் வீட்டுல வந்து தூங்கு. வேற ஒரு வேலையும் கெடையாது."

"அவுகள யாரு ராத்தா பாக்குறது?" என்றாள் நஃபீசா.

"நான் இருக்கேன்ல" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாளே ஒரு பார்வை, அதற்கே நான் கோபித்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

எங்கள் தோணியில் ஒரு சட்டம் உண்டு. சுக்கானை அடுத்தவனிடம் கொடுத்தவன் பேசாமல் போய்ப் படுக்க வேண்டும். நின்றுகொண்டு அப்படிப் பிடி, இப்படித் திருப்பு என்று யோசனை சொன்னால் தலையில் கடல் தண்ணீரைக் கொட்டுவோம். இப்போது தூங்காதவன் தன் முறை வரும்போது சுக்கானிலேயே தூங்கிவிடுவான் என்பது மச்சான் கணக்கு. கல்யாண வீட்டுப் பந்தி தவறாமல் அவர் இதைச் சொல்லிச் சொல்லி நஃபீசாவுக்கே மனப்பாடம்.

அப்படிப்பட்டவள் பஸ் ஹாரன் அடிக்கும்வரை எனக்கு உபதேசம் செய்துவிட்டுத்தான் ஏறினாள்.

அன்று மச்சானும் நானும் பட்ட பாடு சொல்லி மாளாது. கஞ்சியில் பாதி அவர் வாயிலும் பாதி என் சட்டையிலும் போனது. சவரம் செய்யப் போய் ஒரு பக்க மீசை காணாமல் போனது. ஆனாலும் அவர் முகம் தெளிவாக இருந்தது.

சாயங்காலம் வாசலில் பேச்சுக்குரல். பையும் கையுமாக நஃபீசா நின்றாள்.

"உப்பூரு வரைக்கும் போனேன் காக்கா. மனசு கேக்கல." அண்ணனான என்னை அவள் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"எதுக்க வந்த பஸ்ஸ மறிச்சு ஏறிட்டா இவ!" என்று பின்னாலேயே சுலைகா கத்திக்கொண்டு வந்தாள்.

நஃபீசா துப்பட்டியைக்கூடக் கழற்றவில்லை. நேரே கட்டிலண்டை போனாள். "தலகாணிய இப்புடியா வப்பாக? இந்தக் கஞ்சி ஆறிப்போயி கெடக்கு. அல்லாவே, மீசை எங்க?"

மச்சானின் இடக்கை மெல்ல நகர்ந்து பக்கத்து முக்காலியிலிருந்த குவளையை எடுத்தது. அடுத்த கணம் தண்ணீர் முழுக்க அவள் முகத்தில்.

"என் மேல கோவமா ஒங்களுக்கு?" என்றாள் நஃபீசா. மச்சான் இல்லையென்று தலையை அசைத்தார். நல்லாயிருந்த பாதி முகத்தால் சிரித்தார். வெறும் குவளையால் என்னைச் சுட்டிக்காட்டி, பிறகு அவளிடம் வாசலைக் காட்டினார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஈர முகத்தை அவர் மார்பில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள், ஒரு பாட்டம் சிரித்தாள். மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று என்னவோ சொல்ல வாயெடுத்தாள். மச்சான் கை குவளைக்குப் போனது. வாயை மூடிக்கொண்டு நடந்தாள்.

ஒரு வாரம் கழித்துக் கன்னம் பூரித்து வந்து சேர்ந்தாள். முதல் இரண்டு நாளும் சாப்பாட்டுக்கு மட்டும்தான் எழுந்தாளாம். எனக்கோ கிளம்ப மனமில்லை. மச்சானுக்கு என் கை அவ்வளவு பழகிவிட்டிருந்தது.

"கஞ்சிய இனிமேக் கெட்டியாக் காய்ச்சு நஃபீசா, அதுதான் மச்சானுக்குப் புடிச்சிருக்கு. அப்பொறம் தலகாணிய ரெண்டா..."

மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறியது. குவளை இந்த முறை நஃபீசாவின் கையில் இருந்தது. கட்டிலில் மச்சான் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"போங்க காக்கா, போயிப் படுங்க" என்றாள் என் தங்கை. "அடுத்த மாசம் ஒங்க மொறை வருதுல்ல."