வித்துருங்க மாமா

அக்காவின் கணவருக்குப் பங்கு வாங்கத் தெரியும். விற்கத்தான் கை வராது. அதுவும் மிட்டாய் விலைக்குக் கிடைக்கும் சில்லறைப் பங்குகள். ஏறினால் இன்னும் ஏறுமோ என்று தவிப்பார், இறங்கினால் திரும்ப ஏறிவிடுமோ என்று தவிப்பார். தவிப்பு முற்றினால் நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்துவிடுவார்.

"மாப்ள, நீ என்ன நினைக்கிற?"

அதே சந்தையில் கைக்காசெல்லாம் தொலைத்து, சொந்தக் கடையையும் விற்று, இன்னொருவர் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன் நான். என்னையும் ஒரு ஆளாக மதித்துக் கேட்கிறாரே என்று உச்சி குளிர்ந்துபோவேன். மூளையைக் கசக்கி யோசித்துச் சொல்வேன். இரண்டு வருடம் இப்படியே ஓடியது.

போன வருடம் அக்கா மகள் பவர் மாற்ற வந்தாள். காலேஜில் இடம் கிடைத்த குஷியில் வாய் நிற்கவில்லை.

"மாமா, உங்களாலதான் எங்க வீடே ஓடுது. நீங்க வச்சுக்கோங்கன்னா அப்பா வித்துருவாரு. விக்கச் சொன்னா வச்சுக்குவாரு. ஒரு தடவகூடத் தப்பினதில்லையாம்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அவமானத்தில் காது எரிந்தது. அன்று மூன்று லென்ஸ் உடைந்தது.

அடுத்த வாரம் அவர் வந்தார். மூன்று ரூபாய்க்கு வாங்கிய பங்கு பதினொன்றில் நின்றது. மூக்குக்கண்ணாடி ஃபிரேம் செய்யும் கம்பெனி. மகளின் காலேஜ் பணம் மொத்தமும் அதில் கிடந்தது. ஃபீஸ் கட்டக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

"இன்னிக்கே வித்துரவா, ரெண்டு நாள் பாக்கவா? என் மேலயே எனக்கு நம்பிக்கை இல்ல மாப்ள."

அந்தக் கம்பெனியின் சரக்கு எங்கள் கடைக்கு வருவது நின்று இரண்டு மாதம். ஃபேக்டரியைப் பூட்டிவிட்டார்கள், சம்பளமும் வரவில்லை என்று அவர்களுடைய சேல்ஸ்மேன் முந்தின நாள்தான் என் மேஜையில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போயிருந்தான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பங்கைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"வித்துருங்க மாமா. இப்பவே."

காரணத்தைச் சொல்லவில்லை. அவர் முகம் தெளிந்துவிட்டது. என் தோளில் தட்டினார், போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார். வாசலை அடையும்வரை கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

மறுநாள் செய்தி வெளியே வந்தது. சந்தை திறந்ததுமே, ஒரு நாளைக்கு எவ்வளவு இறங்கலாமோ அவ்வளவும் இறங்கி விலை அப்படியே நின்றது. விற்க ஆயிரம் பேர், வாங்க ஆளில்லை. அதற்கடுத்த நாளும் அதே கதை. வெள்ளிக்கிழமை போயே போய்விட்டது. அக்கா மகள் இப்போது ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். என்னைப் பார்த்தால் பழையபடிதான் சிரிக்கிறாள், பாவம்.

நேற்று அவர் கடைக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"நீ அன்னிக்கே விக்கச் சொன்ன. நான்தான் கேக்கல. உன்னைக் கேவலமா நினைச்சுட்டேன் மாப்ள, மன்னிச்சிரு. உங்கக்கா வளையல வித்த காசு கொஞ்சம் இருக்கு. இனிமே நீ சொல்றதுதான். எத வாங்கட்டும்?"

எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த முறை நான் சொல்வதை அப்படியே செய்வார். அந்தச் சுகத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வாயில் வந்த ஒரு கம்பெனியின் பெயரைச் சொன்னேன்.