கேல்விக்கின் பத்து கஜம்

ஓஹையோவின் கேல்விக் ஊரில், உயர்நிலைப் பள்ளி ஃபுட்பால் மைதானத்தின் அளவுச் சங்கிலி ஒரு செப்டம்பர் வெள்ளிக்கிழமை இரண்டு அங்குலம் வளர்ந்திருந்தது. அன்று சோளம் புஷலுக்கு மூன்று டாலர் தொண்ணூறு சென்ட், காற்று தென்மேற்கிலிருந்து, எதிரணி மில்பர்ன். வளர்ந்ததை முதலில் கவனித்தவர் லோவல் ஸ்ட்ரிக்லர். அவர் கவனிக்காமல் வேறு யார் கவனிப்பார்கள்? இருபத்தாறு வருஷமாகச் சங்கிலியின் முன்முனைக் கம்பைப் பிடிப்பவர் அவர். பின்முனைக் கம்பைப் பிடிப்பவர் அவருடைய சிநேகிதர் டெல்மர் பென்ராட். ஃபுட்பால் என்றால் கேல்விக்கில் முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முட்டிமோதி ஓடுவது. உருண்டைப் பந்தைக் காலால் உதைப்பதற்குப் பெயர் சாக்கர், அது மற்ற நாட்டுக்காரர்கள் சமாச்சாரம். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிராளி கைக்குப் போய்விடும். அந்தப் பத்து கஜத்துக்கு இந்தச் சங்கிலிதான் சாட்சி. நடுவருக்குச் சந்தேகம் வந்தால் கை காட்டுவார். இருவரும் உள்ளே ஓடுவார்கள். டெல்மர் தன் கம்பை ஊன்ற, லோவல் சங்கிலியை விறைப்பாக இழுத்து நிற்பார். பலகைப் படிகளில் உட்கார்ந்திருக்கும் அத்தனை சனமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் கையையே பார்க்கும். வாரமெல்லாம் சைலன்ஸர் கடையில் கார்களுக்கு அடியில் மல்லாந்து கிடக்கிற மனுஷனுக்கு அந்தப் பத்து விநாடி போதும்.

புதிய கண்ணி மற்றவற்றைப் போலவே லேசாகத் துருப்பிடித்திருந்தது. பற்றவைத்த தடயம் கிடையாது. "மொதல்ல உன் கண்ணாடிய மாத்துடா," என்றார் டெல்மர். அடுத்த வாரம் ஐந்து கண்ணிகள் ஒரே மூச்சாகக் கூடின. அந்த வாரம்தான் லோவல் பல் டாக்டர் ஹேவர்காம்ப்பிடம் போயிருந்தார். வாயைப் பிளந்தபடி, ஒரு வார்த்தை மறுத்துப் பேச வழியில்லாமல், டாக்டர் குடும்பம் சனிக்கிழமை விடியலில் எழுந்து கடல் தாண்டி நடக்கிற சாக்கர் ஆட்டங்களை டி.வி.யில் பார்ப்பதையும், ஆஃப்சைடு என்றால் என்ன என்பதையும் முக்கால் மணி நேரம் கேட்டார். ஹேவர்காம்ப் வீட்டில் ஐந்து பேர். முதல் வாரத்து ஒற்றைக் கண்ணி யாரென்றும் விசாரித்துப் பார்த்தார். தபால்காரன் வென்டெல், தனிக்கட்டை. அதற்கப்புறம் கணக்கு பிசகவே இல்லை. ஊரில் ஒருவர் மனசு உருண்டைப் பந்தின் பக்கம் சாய்ந்தால் சங்கிலி இரண்டு அங்குலம் நீளும்.

நடுவர்கள் இதை முறைப்படி மாவட்ட விளையாட்டுக் குழுவுக்கு எழுதினார்கள். இரண்டு அணிக்கும் ஒரே சங்கிலி என்பதால் அநியாயம் எதுவும் நடக்கவில்லை, ஆட்டத்தைத் தொடரலாம் என்று குழு பதில் எழுதியது. அதன்படியே தொடர்ந்தார்கள். முதல் வருஷம் முடிகையில் கேல்விக்கின் பத்து கஜம் பன்னிரண்டு கஜமாகியிருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட் சின்னதானதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

இரண்டாம் வருஷம் அக்டோபரில் இரண்டு கண்ணிகளுக்கு ஆள் கிடைக்கவில்லை. அந்த வாரம் கூடியது ஒன்பது. ஏழு பேர் யாரென்று லோவல் கண்டுபிடித்துவிட்டார். பாதிரியாரும் அதில் ஒருவர். மிச்சம் இரண்டு பேர் யார்? சாப்பிடும்போதும் அதே நினைப்பு. டெல்மர் கூடவே அலைந்தார். ஒருநாள் நூலகத்து கிளாராவைக் கைகாட்டினார். இன்னொரு நாள் கோழிப்பண்ணை சகோதரர்களை. "அவனுங்க ரெண்டு பேரு, கண்ணியும் ரெண்டு. இதுக்கு மேல என்னடா வேணும் உனக்கு?" லோவல் கோழிப்பண்ணைக்குப் போய் அசிங்கப்பட்டுத் திரும்பினார். மனைவி நடீன் அவருக்கும் டெல்மருக்கும் காபி ஊற்றியபடி, "விடு லோவல். யாரா இருந்தா நமக்கென்ன? ரெண்டே ரெண்டு பேருதானே," என்றாள்.

நடீன் அந்த மாசம் முழுக்கச் சனிக்கிழமை காலைகளில் பழைய சாமான் வாங்கப் போய்வந்தாள். கேல்விக்கில் ஜனங்கள் வேண்டாத பண்டங்களை வாசல் புல்தரையில் பரப்பி விற்பார்கள். பழசு என்றாலே மூக்கைச் சுளிக்கிற பெண்பிள்ளை வாரம் ஒன்றாக உப்புக்குப்பி, விளக்கு, ஒற்றைக்கண் பீங்கான் ஆந்தை என்று கொண்டுவந்து ஜன்னலில் வைத்தாள். டெல்மர் சனிக்கிழமைகளில் ஏரிக்கு மீன் பிடிக்கப் போனார். ஒரு மத்தியானம் படகை இறக்கக் கை கொடுத்த லோவல், அதன் அடிப்பலகை எலும்பாகக் காய்ந்திருப்பதைத் தொட்டுப் பார்த்தார். வீட்டுக்கு வந்து அந்த ஆந்தையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். புத்தி போகக் கூடாத இடத்துக்குப் போயிற்று. முப்பத்தோரு வருஷத் தாம்பத்தியம், இருபத்தேழு வருஷச் சிநேகிதம்.

அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, நடீனின் காரும் டெல்மரின் பிக்கப்பும் ரூடி பாருக்குப் பின்னால் ஒட்டி நின்றதை அவர் கண்டார். முஷ்டியை மடக்கிக்கொண்டு கதவைத் தள்ளினார். உள்ளே அறுபது பேர் இருந்தார்கள். எல்லார் கழுத்திலும் ஒரே நிறத்தில் மஃப்ளர், கையில் முட்டையும் பீரும். திரைக்கு நேர் எதிரே டெல்மரும் நடீனும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதுகொண்டிருந்தார்கள். திரையில் பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்று போட்டிருந்தது.

"யாரு ஜெயிச்சா?" அத்தனை ஆத்திரத்திலும் லோவல் வாயில் அதுதான் வந்தது.

"யாருமில்ல," என்றாள் நடீன், மூக்கை உறிஞ்சியபடி.

"அப்புறம் எதுக்கு இப்படி அழுறீங்க?"

"எழுபது நிமிஷம், லோவல்! எழுபது நிமிஷம் பதினோரு பேருக்கு எதிரா பத்தே பேர வச்சுத் தாக்குப்பிடிச்சுட்டோம்!"

"யாரு, நாமளா?"

"நாங்க," என்றான் டெல்மர். அவனுக்கு இதுவரை கொடுத்த மரியாதை போதும்.

லோவல் பின்னாளில் தன் கடைப் பையனிடமல்ல, பாதிரியாரிடமல்ல, சைலன்ஸர் குழாய்களிடம்தான் இதைச் சொல்லிக்கொள்வார்: அவர்கள் முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அதற்காவது ஊரில் ஒரு வழிமுறை இருக்கிறது. ஆளை இழுத்துப் போட்டு நாலு சாத்து சாத்தலாம், பெட்டியைக் கட்டலாம், வக்கீலைப் பார்க்கலாம். ஒருத்தரும் ஜெயிக்காத ஆட்டத்துக்காகக் கட்டிக்கொண்டு அழுபவர்களை என்ன செய்வது? அதைவிட, தேடப்படுகிறவனே கூட நின்று தேடினானே, கோழிப்பண்ணைக்கு அனுப்பினானே, அந்தத் துரோகம்தான் ஆறவே இல்லை.

வீட்டில் நடீன் எதையும் மறைக்கவில்லை. சொன்னால் அவர் மூஞ்சி இப்படித் தொங்கிப்போகும் என்று தெரிந்துதான் சொல்லவில்லை என்றாள். "இருபத்தேழு வருஷம் அந்தக் குளிர்ல வந்து உக்காந்தியே, அதெல்லாம்?" என்று கேட்டார் லோவல். "உன்னப் பாக்கத்தான் வந்தேன். அந்த ஆட்டம் எனக்கு ஒரு நாளும் புரிஞ்சதில்ல." வேறு ஒருவருக்கு இது இனித்திருக்கும். லோவலுக்கு இருபத்தேழு வருஷமும் மொத்தமாகக் கையை விட்டுப் போனது போலிருந்தது.

மனுஷன் மூன்று மாசம் முறுக்கிக்கொண்டு இருந்தார். பிறகு தானே இறங்கி வந்தார். ஒரு சனிக்கிழமை அவரும் மஃப்ளர் சுற்றிக்கொண்டு நடீன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். முட்டை நன்றாக இருந்தது. அவர்கள் அணியின் பாட்டை மனப்பாடம் செய்தார், மற்றவர்கள் கத்தி அரை விநாடி கழித்துக் கத்தினார். நடீன் அவர் கையைக் கோத்துக்கொண்டாள். கல்யாணமான புதிதில்தான் அப்படிக் கோத்தவள். இதற்காக எந்தப் பந்தையும் ரசித்துத் தொலைக்கலாம் என்று லோவல் மனசாரத்தான் நினைத்தார். ஐந்து வாரம் போயிற்று. ஆறாவது வாரம் நடீன் ஆசையோடு மைதானத்துக் கொட்டகைக்குப் போய், அளவு நாடாவை வைத்துச் சங்கிலியை அளந்தாள். அந்த ஐந்து வாரத்தில் ஊரில் புதிதாகச் சாய்ந்தவர்கள் பதினாறு பேர். கூடியிருந்த கண்ணிகளும் பதினாறு. லோவலுக்கு ஒன்று இல்லை.

"நடிச்சிருக்க," என்றாள் வாசலில் நின்றே.

"உனக்காகத்தானே, நடீன்."

"அஞ்சு வாரம் என் கையப் பிடிச்சுக்கிட்டுப் பொய்யாப் பாடியிருக்க. உனக்கு வெக்கமா இல்ல?"

"நீ மட்டும் இருபத்தேழு வருஷம்..."

"நான் பாடுனேனா? கத்துனேனா? கம்பளியப் போத்திக்கிட்டு சும்மா உக்காந்திருந்தேன்!"

அவர் மஃப்ளரை மடித்துக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள்.

மூன்றாம் வருஷம் உலகக் கோப்பை அவர்கள் நாட்டுக்கே வந்தது; ஒரே கோடையில் சங்கிலி முப்பது கஜம் நீண்டது. நான்காம் வருஷம் அமெரிக்கக் கொடி வண்ணத்தில் உருண்டைப் பந்துகள் மளிகைக் கடையில் தர்பூசணிக்குப் பக்கத்தில் குவிந்தன. ஐந்தாம் வருஷம் பள்ளிக் குழு கூடி, வெள்ளிக்கிழமை மாலைகளைப் பெண்கள் சாக்கர் அணிக்குக் கொடுத்தது. ஃபுட்பாலுக்குச் சனிக்கிழமை காலை ஒன்பது மணி. கூட்டத்தில் யாரோ ஒருவர் லோவல் என்ன நினைப்பார் என்று கேட்க, "அவன் எதுவும் நெனச்சுக்க மாட்டான், நான் பேசிக்கிறேன்," என்று கை தூக்கியவன் டெல்மர். பேசவும் இல்லை. தீர்மானம் நிறைவேறியதைச் செய்தித்தாளில்தான் லோவல் படித்தார்.

ஆனாலும் டெல்மர் பின்முனைக் கம்பைப் பிடிக்க வராமல் இருந்ததில்லை. வருவான், "என்னடா கெழவா" என்பான், கம்பை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போவான். சங்கிலி நீள நீள அவன் தள்ளித் தள்ளி நின்றான். கடைசியில் தொப்பி மட்டும் தெரிந்தது, அப்புறம் அதுவும் தெரியவில்லை. லோவல் முனையை இழுத்துப் பார்ப்பார். அந்தப் பக்கமிருந்து பதிலுக்கு ஓர் இழுப்பு வரும். ஆட்டம் போகட்டும், சனம் போகட்டும், அந்த ஓர் இழுப்பு வருகிறவரை தான் தனியாள் இல்லை என்று அவர் வைத்துக்கொண்டார். அவருக்கு மிஞ்சியிருந்தது அவ்வளவுதான்.

அந்த நவம்பரின் கடைசி ஆட்டத்தில் கேல்விக்கின் ஜனத்தொகை இரண்டாயிரத்து முன்னூற்றொன்று, சங்கிலியில் கூடியிருந்த கண்ணிகள் இரண்டாயிரத்து முன்னூறு. களத்தில் ஆடிய பதினொரு பிள்ளைகளின் கண்ணிகளும் அதில் அடக்கம். படிகளில் எதிரணிப் பெற்றோர்கள் பத்துப் பேர் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். முதல் பாதியின் நடுவில், நான்காவது முயற்சியில், கேல்விக் பிள்ளை ஒருவன் பந்தோடு மேற்கு எல்லைக்கோட்டுக்கு அருகில் விழுந்தான். இவ்வளவு தூரத்துக்கு இனி அளந்து என்ன ஆகப்போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். என்றாலும் விதி விதிதான். நடுவர் கை காட்டினார். டெல்மர் பின்முனையை ஊன்றினான். லோவல் முன்முனையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார். பந்தைத் தாண்டினார், எல்லைக்கோட்டைத் தாண்டினார், கார் நிறுத்துமிடத்தைக் கடந்தார். சங்கிலி பின்னால் கரகரவென்று வந்துகொண்டிருந்தது. ஒரு பால் லாரி நின்று வழிவிட்டது. சாலைக்கு அந்தப் பக்கம், ரூடி பாரின் வாசலில் சங்கிலி விறைத்தது. நூற்று முப்பத்தேழு கஜமும் சொச்சமும்.

லோவல் கம்பை நிமிர்த்தி நிறுத்தி, வழக்கம்போல் ஓர் இழுப்பு இழுத்துவிட்டுக் காத்திருந்தார். பதில் வரவில்லை. மறுபடி இழுத்தார். இறுகக் கட்டிய கொடிக்கயிறு மாதிரி சும்மா கிடந்தது. அப்போதுதான் பார் கதவுக்குப் பக்கத்தில் நின்ற பிக்கப்பைப் பார்த்தார். இன்ஜின் சூடு ஆறாமல் டிக்டிக்கென்றது. கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தால், திரைக்கு நேர் எதிரே, நடீனுக்கு அடுத்த நாற்காலியில், டெல்மர் முட்டை தின்றுகொண்டிருந்தான்.

"டெல்மர்! உன் கம்பு?"

"தரையில குத்திட்டு வந்துட்டேன்டா. அது எங்கேயும் போகாது. ரெண்டாவது பாதி ஆரம்பிச்சுட்டான், கதவ மூடு, குளிருது."

லோவல் கதவை மூடினார். அளவு சரியென்றோ தவறென்றோ சொல்ல நடுவர் வரவில்லை. அவர் அரை மணி நேரம் களத்தில் காத்திருந்துவிட்டு, முடிவு விசில் ஊதாமலே தன் ஊருக்குப் போய்விட்டார். விசில் ஊதாத ஆட்டத்தில் கம்பைக் கீழே வைக்க விதியில் இடமில்லை. ஆகவே லோவல் நின்றார், இன்றும் நிற்கிறார். முதல் வருஷம் நகராட்சி அவர் மேல் அங்கியில் வண்டி விளக்கு பட்டால் மின்னும் பட்டை ஒட்டியது. இரண்டாம் வருஷம் பனி அள்ளும் வண்டி அவரைச் சுற்றி ஒரு வளைவு எடுத்துப் போகப் பழகியது. மூன்றாம் வருஷம் ஊர் வரைபடத்தில் சேர்த்தார்கள், தீயணைப்புக் குழாய்க்கும் தபால்பெட்டிக்கும் நடுவில். சனிக்கிழமைகளில் ஆட்டத்தின் இடைவேளையில் நடீன் காபி கொண்டுவருவாள். இருவரும் வானிலையைப் பற்றியும் வீட்டுக் கூரை ஒழுகலைப் பற்றியும் பேசிக்கொள்வார்கள். அவர் குடித்து முடிக்கிறவரை கம்பை அவள் பிடித்துக்கொள்வாள். உள்ளே கூச்சல் எழுந்தால் மட்டும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவிடுவாள். லோவல் கோப்பையை வீசிவிட்டுக் கம்பு சாய்வதற்குள் பிடித்துக்கொள்வார். இதுவரை பதினான்கு கோப்பைகள் உடைந்திருக்கின்றன.