குருசடிச் சந்தில் ஓர் இளநீர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது இந்தக் கதையை அல்ல. மலாக்காவில் துறைமுகக் கூலிகள் குடியிருந்த குருசடிச் சந்தின் வரலாற்றை. பதினெட்டு வீடு, ஒரு தண்ணீர்க் குழாய், முனையில் ஒரு சிமெண்டுச் சிலுவை. 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் ரப்பர் விலை விழுந்தபோது, சந்து மக்களின் நிலை...' அந்த வாக்கியம் அங்கேயே நிற்கிறது. இருசம்மாள் குறுக்கே வந்துவிட்டாள்.

2

இருசம்மாள் சந்தின் மருத்துவச்சி. அத்தனை வேதக்காரக் கிறிஸ்தவர்கள் நடுவே ஒரே மாரியம்மன் பக்தை. (வாயில் எப்போதும் வெற்றிலை என்று எழுதி அடித்துவிட்டேன். எல்லாக் கதையிலும் மருத்துவச்சி வெற்றிலை போடுகிறாள்.) பிள்ளை பிழைக்காது, பங்குச் சாமியார் வர நேரமில்லை என்றால் யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று, சாமியார் இல்லாத நாளில் ஜெபம் நடத்தும் உபதேசியார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

ஒரு மத்தியானம் சவரியாயிக்கு எட்டாம் மாதத்திலேயே பெண் பிறந்தது. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. புருஷன் துறைமுகத்தில் மூட்டை இறக்கப் போயிருந்தான். இருசம்மாள் குடத்தைப் பார்த்தாள். மழைக்காலத் தண்ணீர், செம்மண் நிறம், பத்துப் பேர் கை வைத்தது. சாமி காரியத்துக்கு இதையா? மனசு ஒப்பவில்லை. தன் அம்மனுக்கு எதை ஊற்றுவாளோ அதையே எடுத்தாள். ஓர் இளநீரைச் சீவி, யார் எச்சிலும் படாத அந்த நீரைச் சின்னத் தலையில் ஊற்றி, மரியாயி என்று பெயரும் வைத்து, 'பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து' என்று ஒரு சொல் பிசகாமல் சொன்னாள்.

பிள்ளை போய்விட்டது.

3

சாயங்காலம் உபதேசியார் வந்தார். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைக்குத்தான் கல்லறைத் தோட்டத்துக்குள் இடம். மற்றது வேலிக்கு வெளியே, ஜெபமில்லாமல். உள்ளே சவரியாயியின் மூத்தவன் கிடக்கிறான்.

"அவன் பக்கத்துல வச்சிருங்கய்யா," என்றாள் சவரியாயி. "தனியா கெடந்தா பயந்துக்கும்."

உபதேசியார் இருசம்மாளிடம் திரும்பினார். "வெறும் தண்ணிதானே ஊத்துன? போன மாசம் ஒருத்தி பன்னீரு ஊத்திட்டாளாம். செல்லாதுன்னுட்டாரு சாமியாரு."

இருசம்மாள் தரையில் கிடந்த இளநீர்க் கூட்டை ஓரக்கண்ணால் பார்த்தாள். நல்லதைக் கொடுக்கப் போய் இப்படியா ஆகவேண்டும்?

4

ஒரு முடிவில் அவள், "ஆமாங்கய்யா, தண்ணிதான்," என்கிறாள். பிள்ளை அண்ணன் பக்கத்தில் படுக்கிறது. அடுத்தவர் சாமியிடம் பொய் சொன்னோமே, பிள்ளை மோட்ச வாசலிலேயே நிற்கிறதோ என்று அவள் சாகும்வரை...

இன்னொன்றில் உண்மையைச் சொல்கிறாள். சவரியாயி அதற்குப் பிறகு அவளிடம்...

இரண்டையும் கிழித்துவிட்டேன். எனக்குத் துணிவில்லை.

உபதேசியார் பதிலுக்குக் காத்திருக்கிறார். துணியில் சுற்றிய பிள்ளையோடு சவரியாயி இருசம்மாளின் முகத்தையே பார்க்கிறாள். சீவிய இளநீர்க் கூடு இன்னும் தரையில், உங்கள் காலருகே கிடக்கிறது. அவர் இன்னும் பார்க்கவில்லை. நீங்கள் அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டால், நான் அதை எழுதமாட்டேன்.