பதினோரு அடுப்பு

மூன்று வாரமாக ஓட்டலிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. பெல்சி பொறுத்துப் பார்த்தாள். முடியாமல் ஒக்கூரில் பஸ் ஏறி, கானாடுகாத்தானுக்கே வந்துவிட்டாள். ஓட்டலாக மாறிய அந்தச் செட்டியார் வீட்டைப் பதினான்கு வருடமாக விருந்தாளிகளுக்குச் சுற்றிக் காட்டியவள் அவள். அவளோடு வந்தவர்கள் வெறும் தூணைப் பார்த்துவிட்டுத் திரும்பியதில்லை. சந்தையில் கல்பாசியைக் கசக்கி மோந்து பார்க்க வைப்பாள். "காரமா இருந்தாத்தான் செட்டிநாடுன்னு ஒங்களுக்கு எவன் சொன்னான்?" என்று அதட்டிவிட்டு வெள்ளைப் பணியாரத்தை நீட்டுவாள்.

உள்ளே நுழைந்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. பத்துப் பேர் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். மேசையில் கிடந்த ஒன்றை எடுத்துக் காதில் வைத்தாள். அவளுடைய குரல்தான். போன மாதம் மேனேஜர் கோபிநாத், "ஞாபகத்துக்கு இருக்கட்டும் மேடம்" என்று குழைந்து பேசிப் பதிவு செய்துகொண்டது. நீட்டிய தாளில் கையெழுத்து வேறு போட்டிருந்தாள், மடச்சி.

"இந்த வீட்டில் நூறு பேர் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டார்கள்" என்றது குரல். உடனே அடுத்த அறைக்குத் தாவிவிட்டது.

பெல்சிக்கு உச்சந்தலை கொதித்தது. 'இப்படித்தான் எல்லாரும் சொல்கிறார்கள், அது தப்பு' என்று அதற்கடுத்து அவள் சொன்னதைக் காணோம். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் தனி அடுப்பும் சாமான்களும் கொடுத்து, அதே வீட்டுக்குள்ளேயே தனிக்குடித்தனமாக 'வேறு வைத்து'விடுவது இங்கே வழக்கம். கூரை ஒன்று, உலை வேறு. பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துபோகும். பின்கட்டில் பதினோரு அடுப்பு வரிசையாக இருப்பது வேறு எதற்காம்?

கோபிநாத்தைத் தேடிப் பிடித்தாள்.

"மதியம் கூட்டுக் குடும்ப விருந்துன்னு போடுறோம் மேடம். தனித்தனி அடுப்புன்னு சொன்னா எடுபடுமா?"

"அதுக்கு என் வாயால பொய் சொல்ல வப்பீகளா சார்? பொழப்பத்தான் பறிச்சீக. எம் பேச்சையுமா வெட்டுவீக? அத அழிங்க மொதல்ல!"

"நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க" என்று சொல்லிவிட்டு அவன் போனைப் பார்க்கத் தொடங்கினான்.

அந்த அலட்சியத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போனாள். ஏழெட்டுப் பேர் அடுப்புகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இங்குட்டு பாருங்க! எண்ணிப் பாருங்க, பதினொன்னு இருக்கு. ஒரே அடுப்புன்னு சொல்றது பொய்!"

ஒருவரும் திரும்பவில்லை. அவள் இன்னும் சத்தமாகக் கத்தினாள். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாளின் தோளைத் தொட்டாள்.

அந்த அம்மாள் ஒரு காதிலிருந்து மட்டும் கழற்றினாள்.

"கொஞ்சம் சும்மா இருங்க. கைடு சொல்றது கேக்க மாட்டேங்குது."